‘பரம்பரை வீடுகள்’ நடைச் சுற்றுலா: 47,500 ரூபாய் கட்டிப் பார்த்த மணிக்கூட்டுக் கோபுரம்

கொழும்பின் பழைய வீடுகளையும் பழைய ருசிகளையும் நடந்தே காட்டுகிறோம் என்ற விளம்பரங்கள் முகநூலில் இப்போது அடிக்கடி வருகின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்களைக் கூட்டிப் போகலாமே என்று நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள். நடத்துபவர்களின் பெயரை எழுதவில்லை. பெயரை மாற்றி இன்னொரு பக்கம் திறக்க அரை மணி நேரம் போதும். அவர்கள் வேலை செய்யும் விதம் தெரிந்திருந்தால் அதுதான் உங்களுக்கு உதவும்.

ஓகஸ்டில் ரொறன்ரோவிலிருந்து சின்னம்மா குடும்பம் வந்திருந்தது. சின்னம்மா, சித்தப்பா, தங்கை, அவள் கணவர். என்னோடு ஐந்து பேர். சின்னம்மா கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். 1983 ஜூலைக்குப் பிறகு அந்தப் பக்கம் போனதே இல்லை. அவர்கள் வாடகைக்கு இருந்த வீடு இடிக்கப்பட்டு அங்கே மாடி எழும்பிவிட்டது என்பதும் அவருக்குத் தெரியும். “எங்கள் வீடு வேண்டாம் பிள்ளை, அது மாதிரி ஒரு விறாந்தையைப் பார்த்தால் போதும்” என்றார். நான்தான் விளம்பரத்தைத் தேடி எடுத்தேன்.

நான்கு மணி நேரம், ஆறு பரம்பரை வீடுகள், எட்டு வகைத் தீன், கடைசியில் ஒரு கொழும்புச் செட்டி வீட்டில் மதியச் சாப்பாடு. குழுவில் பத்துப் பேருக்கு மேல் இல்லை. அனுமதிப்பத்திரம் உள்ள வழிகாட்டி. ஆளுக்கு 9,500 ரூபாய், முழுப் பணமும் முற்கூட்டியே. கணக்கு இலக்கம் அனுப்பினார்கள்; அது நிறுவனத்தின் பெயரில் இல்லை, ஒரு தனியாளின் சேமிப்புக் கணக்கு. அடுத்தவருடைய கணக்கில் பிழை பிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். அப்படியிருந்தும் கட்டினேன்.

சனிக்கிழமை காலை எட்டரைக்குப் புறக்கோட்டை கான் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் போய் நின்றால் இருபத்தாறு பேர். வழிகாட்டி இளைஞர்; வெள்ளைச் சட்டை, பனையோலைத் தொப்பி, சரளமான ஆங்கிலம். ஒலிபெருக்கி கிடையாது. பஸ் நடத்துனர்கள் கூவுகிற அந்த முனையில் பத்தாவது ஆளுக்கு அப்பால் ஒன்றும் கேட்கவில்லை. கழுத்தில் அட்டை தொங்கியது. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை கொடுக்கும் அட்டை என்று நினைத்துக்கொண்டேன். கிட்டப் போய்ப் பார்த்தபோது அவர்களே அச்சடித்த அட்டை: படம், பெயர், நிறுவனத்தின் சின்னம். அதை அங்கேயே கேட்டிருக்க வேண்டும்.

“முதலாவது வீடு இதுதான்” என்று அவர் கையை மேலே காட்டினார். கோபுரத்தைத்தான். 1923இல் ஒரு பார்சிக் குடும்பம் கட்டியது என்றார். அது உண்மைதான். “இதில் யார் குடியிருந்தார்கள்?” என்று தங்கையின் கணவர் வெகு மரியாதையாகக் கேட்டார். குடும்பத்தின் பாரம்பரியம் என்ற கருத்தில் இதுவும் பரம்பரை வீடுதானாம். இரண்டாவது, பிரின்ஸ் வீதியில் ஒல்லாந்த ஆளுநர் ஒருவர் இருந்த பதினேழாம் நூற்றாண்டு வீடு. இன்று அருங்காட்சியகம். அதை எதிர்ப்புற நடைபாதையிலிருந்து பார்த்தோம். உள்ளே போக நேரம் இல்லையாம். மூன்றாவது, இரண்டாம் குறுக்குத் தெருவில் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல். 1908இல் தொடங்கி 1909இல் முடிந்த, சிவப்பும் வெள்ளையுமாக வரி போட்ட அந்தக் கட்டடத்தின் அழகில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அது பள்ளிவாசல். வெள்ளவத்தையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் வந்து இறங்கினால் இந்த மூன்றையும் யாருக்கும் ஒரு சதம் கொடுக்காமல் பார்க்கலாம்.

செட்டியார் தெருவில் கதிரேசன் கோயிலடிக்கு வந்ததும் சின்னம்மா நின்றுவிட்டார். ஆடிவேல் தேர் அங்கிருந்துதான் பம்பலப்பிட்டிக்குப் புறப்படும். சின்ன வயதில் அம்மப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நின்றவர் அவர். வழிகாட்டி “இந்துக் கோயில்” என்று ஒரு சொல்லோடு கடந்து போனார். பரவாயில்லை, அவசரம் என்று விட்டுவிட்டோம். எனக்குப் பொறுமை போனது அடுத்த கட்டடத்தில்.

ஒரு நகைக்கடைக்குப் பக்கத்துச் சந்தில் நுழைந்து, நீண்ட கூடம் ஒன்றில் எங்களை நிறுத்தினார். பருத்த மரத்தூண்கள், தேய்ந்துபோன சிவப்புச் சீமெந்துத் தரை, சுவரை மறைத்து அட்டைப் பெட்டிகள். “செட்டியார் பரம்பரை மாளிகை. ஐந்து தலைமுறை மருமகள்மார் இந்த அடுப்படியில்தான் சமைத்தார்கள்” என்று ஒரு கரிபிடித்த மூலையைக் காட்டினார். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அந்த மூலையைப் பக்தியோடு படமெடுத்தார்.

அது மாளிகையும் இல்லை, வீடும் இல்லை. கிட்டங்கி. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடைகள் பல ஒரே கூரையின் கீழ் நடந்த இடம். ஒவ்வொரு விலாசத்துக்கும், அதாவது ஒவ்வொரு வட்டிக்கடைக்கும், சுவரோரம் கொஞ்சம் நிலம், ஒரு பெட்டகம், கணக்கெழுத ஒரு சாய்வுப் பெட்டி. பகலில் கொடுக்கல் வாங்கல், இரவில் அங்கேயே பாய் விரித்துப் படுக்கை. மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் மூன்று வருடக் கணக்குக்கு வந்து, முடித்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். மனைவி மக்கள் செட்டிநாட்டிலேயே இருப்பார்கள். அந்த அடுப்பில் சமைத்தவன் சம்பளத்துக்கு வந்த சமையற்காரன். எங்கள் அம்மப்பா பதினெட்டு வயதில் இந்தத் தெருவிலேயே ஒரு கிட்டங்கியில் ஐந்தொகை என்ற இருப்புக் கணக்கு எழுதப் பழகியவர். இதெல்லாம் சின்னம்மா சோற்றோடு கேட்டு வளர்ந்த கதை. “தம்பி, கிட்டங்கியில் பெண்கள் இருந்ததில்லையே” என்றார் தமிழில், மெதுவாக. வழிகாட்டி சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில், “ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு கதை, மேடம்” என்றார். அவருக்குத் தமிழ் விளங்கும் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இனித் தீன். பதிவு செய்யும்போதே சின்னம்மா சுத்த சைவம், முட்டையும் இல்லை என்று வட்ஸ்அப்பில் எழுதியிருந்தேன். “குறித்துக்கொண்டோம்” என்று கைகூப்பும் படத்தோடு பதில் வந்தது. முதலில் இறால் வடை, இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி. சின்னம்மா வேண்டாம் என்றதும், “மேலே இருக்கிற இறாலை எடுத்துவிட்டுச் சாப்பிடுங்கள்” என்றார். அடுத்து ரொட்டியும் சம்பலும். சைவம்தான் என்றார். நான் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தேன், மாசிக் கருவாடு. பிறகு கடதாசிக் கிண்ணத்தில், தீப்பெட்டியில் பாதி அளவு வட்டிலப்பம். அதையும் சைவம் என்று நீட்டினார். முட்டை இல்லாமல் வட்டிலப்பம் ஏது? தேங்காய்ப்பாலும் கித்துள் கருப்பட்டியும் முட்டையும் சேர்ந்தால்தானே அது. இதற்குமேல் ஒல்லாந்தர் கொண்டுவந்த பண்டம் என்று விளக்கம் வேறு. கொம்பனித்தெரு மலாய்க்காரர்கள் கேட்டிருந்தால் வருத்தப்பட்டிருப்பார்கள். அப்புறம் அன்னாசி அச்சாறு, பிளேன்டீ. எட்டு என்றவை ஐந்தோடு நின்றன. அச்சாறு நன்றாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

வெயில் ஏறிய பிறகு கொட்டாஞ்சேனைக்கு நடந்தோம். ஓர் ஒழுங்கைக்குள் திரும்பி, ஓடு போட்ட பழைய வீடொன்றின் கேற்றைத் தள்ளித் திறந்துகொண்டு அவர் உள்ளே போனார். இருபத்தாறு பேரும் பின்னால். விறாந்தையில், சின்னம்மா பார்க்க ஆசைப்பட்ட அதே மரச்சட்டம் அடித்த விறாந்தையில், எண்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் துருவலை நிறுத்திவிட்டார். பாதித் தேங்காய் கையிலேயே இருந்தது. மற்றக் கையால் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு கேட்டார்: “நீங்கள் யார்? வீடு வாங்க வந்தவர்களா? எங்களைக் கேட்காமல் விற்க மாட்டேன் என்று சொன்னாரே.”

வழிகாட்டி குழுவின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார்: “வாருங்கள், உங்களைக் கண்டதில் மகிழ்ச்சி என்கிறார்.”

கைபேசிகள் உயர்ந்தன. ஒருவர் உள்ளறைத் திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்தார். அங்கே கட்டிலில் யாரோ படுத்திருந்தார்கள்.

சின்னம்மா அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. “அவர் என்ன சொன்னார் என்று நான் சொல்லட்டுமா?” என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து எல்லோருக்கும் சொன்னார். திரைச்சீலையை விலக்கியவர் முகம் சிவந்து வெளியே போனார். சின்னம்மா அந்த அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, “மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா, உங்களைக் கேட்டுத்தான் வருகிறார்கள் என்று நினைத்தோம்” என்றார். அவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள். சில மாதங்களாகச் சனிக்கிழமைகளில் ஆட்கள் வந்து போகிறார்களாம். வீட்டுக்காரர் விலை பேச அனுப்புகிறார் என்று பயந்து, யாரிடமும் எதிர்த்துப் பேசாமல் இருந்திருக்கிறார்கள். ஒருவரும் அனுமதி கேட்டதில்லை, ஒரு ரூபாய் கொடுத்ததில்லை.

ஆறாவது வீடு “திருத்த வேலை” காரணமாக இல்லை. பிறகு ஐம்பது நிமிடம் ஓர் இரத்தினக்கல் கடை. அன்று முழுவதும் கழிப்பறை கிடைத்த ஒரே இடம் அது. ‘செட்டி வீட்டுச் சாப்பாடு’ ஒரு வாடகை மண்டபத்தின் பின்பக்கம். ஒரு பையன் எதிர்க்கடையிலிருந்து சோற்றுப் பார்சல்களைப் பையில் கொண்டுவந்து, லஞ்ச் சீட்டைப் பிரித்து, வாழையிலையில் கவிழ்ப்பதை ஜன்னலால் பார்த்தேன்.

மறுநாள் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அடுத்த சுற்றுலாவில் பத்து வீதம் கழிவு தருவதாகப் பதில். திருப்பி எழுதினேன், எண்ணைத் தடைசெய்துவிட்டார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்து, பிறகு பணம் அனுப்பிய சீட்டு, விளம்பரத்தின் படம், வட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் இணைத்து எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். விளம்பரத்தை அன்றே படமெடுத்து வைத்தது நல்லதாயிற்று. இப்போது அந்தப் பக்கத்தில் ‘ஆறு வீடுகள்’ என்பது ‘ஆறு பாரம்பரிய இடங்கள்’ ஆகிவிட்டது. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைக்கும் எழுதினேன். வழிகாட்டிகளுக்கு அவர்கள் தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, தல வழிகாட்டி என்று வகை பிரித்து அனுமதிப்பத்திரம் கொடுக்கிறார்கள். நீங்கள் போவதானால் நடக்கத் தொடங்குமுன் அந்த அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். எந்த வீடு, உள்ளே போவோமா, வெளியில் நிற்போமா, அங்கே இருப்பவர்கள் சம்மதித்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பாதிப் பணத்துக்கு மேல் முற்கூட்டிக் கேட்டால் விட்டுவிடுங்கள்.

அடுத்த ஞாயிறு நாங்கள் ஐந்து பேரும் தனியாகக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். 1757இல் வழிபாடு தொடங்கிய வுல்பெண்டால் தேவாலயத்தைப் பார்த்தோம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயிலில் சின்னம்மா அரை மணி நேரம் தூணோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். திரும்பும் வழியில் ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம் வாங்கிக்கொண்டு அந்த ஒழுங்கைக்குப் போனோம்.

கேற்றில் புதிய பூட்டு. கூப்பிட்டதும் அந்த அம்மா திறப்பை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டபடி, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். நேற்றும் வந்தார்களாம். பூட்டைக் கண்டு, வெளியில் நின்றே படமெடுத்துக்கொண்டு போனார்களாம். “பால்காரனுக்கும் நானே எழும்பி வந்து திறக்கவேண்டியிருக்கிறது தங்கச்சி” என்று சொல்லிக்கொண்டே பூட்டில் திறப்பைப் போட்டார். முதல் தடவை அது திரும்பவில்லை.