சுவரில் ஓட்டை போடுவது யார் வேலை?

காரைக்குடியில் நல்ல மரம் கிடைக்கும், நல்ல ஆசாரி கிடைப்பார். சுவரில் ஓட்டை போட மட்டும் ஆள் கிடைக்காது. இந்தத் தடவை லீவில் பாதி இதிலேயே போயிற்று. பேங்க் வேலை, ஆதார் திருத்தம், அம்மாவின் கண் ஆபரேஷன் எல்லாம் ஒழுங்காக நடந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

விஷயம் இதுதான். அப்பாவின் புத்தகங்கள் பெட்டி பெட்டியாகக் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. ஹாலில் ஒரு சுவர் சும்மா இருக்கிறது. அதில் தேக்குப் பலகையில் மூன்று ஃப்ளோட்டிங் ஷெல்ஃப் மாட்டலாம் என்று கிளம்பினேன். ஒவ்வொன்றும் 4 அடி நீளம், 9 அங்குல அகலம், 2 அங்குலக் கனம். கீழே ஆங்கிள், தாங்கு எதுவும் தெரியக்கூடாது. சுவரில் 12 மி.மீ. கம்பிகளைப் பதித்து, பலகையின் முதுகில் அதே இடத்தில் துளை போட்டு, அப்படியே தள்ளிச் சொருகிவிட வேண்டியதுதான்.

நான் இருக்கும் கனடாவின் மிசிசாகாவில் இது ஒரு சனிக்கிழமை வேலை. அங்கே சுவர் என்பது அரை அங்குல ஜிப்சம் போர்டு, அதற்குப் பின்னால் 16 அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம். சுவரில் காந்தத்தை நகர்த்திக்கொண்டே போனால் சட்டத்தில் அடித்த ஸ்குரூ இருக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும், அங்கே முடுக்கினால் முடிந்தது. ஆனால் மாட்டுகிற பலகை இருக்கிறதே! ஐகியாவின் 'லாக்' ஷெல்ஃபை அறுத்துப் பார்த்தால் உள்ளே தேன்கூடு மாதிரி அட்டைதான் இருக்கும். நிஜ ஓக், வால்நட் பலகையின் விலையைப் பார்த்தால் கை தானாக அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடும். அதனால்தான் மர வேலை என்றால் ஊர்தான் என்று மனதில் வைத்திருந்தேன்.

அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. எங்கள் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கும்போது வரும் பர்மா தேக்கு மரவாடிகளுக்கு வந்துவிடும். அந்தக் காலத்தில் வட்டிக்கடை வைக்கப் பர்மா போனவர்கள் கப்பலில் இறக்கிய மரம். நூறு வருடம் உத்தரமாகக் கிடந்து காய்ந்தது, இனி அவ்வளவாக முறுக்காது, விரியாது. விலை கன அடிக் கணக்கு. பேரம் பேச ஆசாரியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சட்டைப் பையிலிருந்து பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை எடுத்து உத்தரத்தின் நான்கு பக்கமும் தடவினார். உள்ளே முறிந்து கிடக்கும் ஆணியைக் கண்டுபிடிக்கத்தான். ஆணி தெரியாமல் மெஷினில் விட்டால் பிளேடு போய்விடும். மிசிசாகாவில் நான் சுவரில் தடவுகிற அதே காந்தம், இங்கே மரத்தில். பார்க்க வழவழவென்று இருந்த ஒரு கட்டையை அவர் ஒதுக்கித் தள்ளினார்.

“ஓரத்துல வெள்ளை ஓடுது பாருங்க தம்பி. இத வச்சா செல்லரிச்சிரும். வைரம் மட்டும் எடுப்போம்.” வைரம் என்றால் மரத்தின் கெட்டியான நடுப்பகுதி.

அறுத்து இழைத்ததும் பட்டறை முழுக்க அந்தத் தேக்கு வாசனை. ஒரு கைப்பிடி இழைப்புச் சுருளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். அம்மா அதைக் குப்பை என்று நினைத்துக் கொட்டிவிட்டார்.

அப்புறம்தான் வினை ஆரம்பித்தது. சுவரில் கம்பி இறங்க வேண்டும் என்றதும் ஆசாரி கையை விரித்தார். “மரத்துல என்ன வேணும்னாலும் சொல்லுங்க, செஞ்சு தர்றேன். சுவரு நம்ம வேலை இல்ல தம்பி.” கொத்தனாரைக் கேட்டேன். அவர் உளியும் சுத்தியலுமாக வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “பலகை எதுக்கு? அரை நாள்ல கடப்பாக்கல் சொருகித் தர்றேன், யானையே ஏறி நிக்கலாம்” என்றார். சமையலறை ஷெல்ஃப் எல்லாம் கடப்பாக்கல்தான், அது எனக்கும் தெரியும்! எலக்ட்ரீஷியனிடம் ட்யூப்லைட்டுக்கு ராவல் பிளக் அடிக்கிற சின்ன பிட்தான் இருந்தது. லேத் பட்டறைக்காரர் கம்பியை அளவாக வெட்டி, முனையைப் பிசிறில்லாமல் ராவிக் கொடுத்துவிட்டார். மாட்டுவது யார் என்றால் “அது ஆசாரி வேலைல்ல?” என்கிறார். ஹார்டுவேர் கடைக்காரர் நான் கேட்காமலே ஆறு எல் ஆங்கிளை எடுத்து மேஜையில் வைத்தார். “எதுக்கு சார் ரிஸ்க்கு?”

கடைசியில் ஏ.சி. மாட்டும் பையன் ஒருவனிடம் ஹேமர் டிரில்லும் நீள பிட்டும் இருப்பது தெரிந்தது. அவனுக்குக் காத்திருந்ததைத்தான் சொல்லி மாளாது. காலையில் கூப்பிட்டால் “பக்கத்துல வந்துட்டேண்ணே”. மத்தியானம் கூப்பிட்டால் “சாப்பிட்டு வந்துர்றேண்ணே”. சாயங்காலம் போன் ஸ்விட்ச் ஆஃப். கனடாவில் ஹேண்டிமேன் வந்தால் காலடி வைத்ததற்கே ஒரு தொகை, வேலைக்குத் தனி. முகத்தைப் பார்த்துச் சிரிக்கக்கூட மாட்டார். ஆனால் பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் வருகிறேன் என்றால் அதற்குள் வந்து நிற்பார். இங்கே பையன் அவ்வளவு பிரியமாகப் பேசுகிறான், மச்சானுக்குக் கனடா விசா கிடைக்குமா என்று விசாரிக்கிறான், ஆள்தான் வருவதில்லை. ஊர் போகும் தேதி நெருங்க நெருங்க எனக்கு ரத்தக்கொதிப்பு.

ஒரு வழியாக வந்தான். 9 அங்குலச் செங்கல் சுவர், 5 அங்குல ஆழத்துக்கு ஓட்டை. தூசு ஹால் முழுக்க. பலகைக்கு நான்கு கம்பி வீதம் பென்சிலால் குறித்து வைத்திருந்தேன். நான் குறித்த இடத்தில்தான் அவன் வைத்தான், ஆனால் நடுப்பலகைக்கான இடத்தில் உள்ளே ஏதோ கெட்டியாகத் தட்டி பிட் ஒரு பக்கமாக நழுவிவிட்டது. எபாக்சி பசை போட்டுக் கம்பியைச் சொருகி இறுகின பிறகு பார்த்தால் ஒரு கம்பி லேசாக மேலே பார்க்கிறது, இன்னொன்று துளி இடது பக்கம் சாய்கிறது. “கீழ ஆங்கிள் போட்டுட்டா தெரியாதுண்ணே” என்றான். ஓட்டைக்கு இவ்வளவு என்று எண்ணிக் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் ஆசாரி வந்தார். நல்லவேளை, பலகையில் அவர் துளை போட்டிருக்கவில்லை. “சுவரு எப்படி வருதுன்னு பாக்காம மரத்தத் தொட மாட்டேன்” என்று முதலிலேயே சொல்லியிருந்தார். கம்பிகளை ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓரத்திலிருந்து பார்த்தார். திட்டவில்லை. அம்மாவிடம் கொஞ்சம் குங்குமமும் எண்ணெயும் கேட்டார். இரண்டையும் குழைத்து ஒவ்வொரு கம்பி முனையிலும் பொட்டு வைத்தார். ரசமட்டத்தைப் பலகையின் மேல் வைத்து, குமிழி நடுவில் நிற்கிற மாதிரி நானும் அவருமாகப் பிடித்துக்கொண்டு முதுகுப் பக்கத்தைக் கம்பிகளில் ஒரு அழுத்து. எடுத்துத் திருப்பினால் தேக்கில் நான்கு சிவப்புப் பொட்டு, கம்பி எங்கே இருக்கிறதோ துல்லியமாக அங்கே.

சாய்ந்த கம்பிக்கு இடம் மட்டும் தெரிந்தால் போதாதே, சாய்வும் வேண்டுமே. டீப்பாயில் கிடந்த கல்யாணப் பத்திரிகையின் அட்டையை எடுத்தார். சுவரோடு ஒட்டி வைத்து, கம்பி போகிற கோணத்துக்கு மடித்து, நகத்தால் நீவினார். மேலும் கீழும் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. அந்த மடிப்பைப் பலகையில் டிரில் பிட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைக்கச் சொன்னார், நான் பிடித்தேன். அரை அங்குல பிட்டை அந்த மடிப்பின் வழியே இறக்கி, சாய்ந்த கம்பி வளைந்துகொடுத்து நுழைகிற அளவுக்குத் துளையைக் கொஞ்சம் தளர்த்தினார். பலகையைச் சொருகி, பழந்துணியை மடித்து வைத்துக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) தட்டிக்கொண்டே வந்தார். டொக் டொக் என்றிருந்த சத்தம் சுவரைத் தொட்டதும் மொத்தென்று மாறியது. இடையில் ஒரு பேப்பர் நுழையாது. கம்பி ஒன்று மேலே, ஒன்று பக்கத்தில் என்று சாய்ந்திருந்ததால் இந்தப் பலகை மற்ற இரண்டையும்விட இறுக்கமாக நிற்கிறது, இழுத்தாலும் வராது.

கனடாவில் இந்த மாதிரி ஆனால் கம்பியை அறுத்துவிட்டு, வேறு இடத்தில் புதிதாகத் துளை போட்டு, அதற்கும் சேர்த்து பில் போடுவார்கள். ஆசாரி கூலி சொன்னபோது மாட்டினதற்கு என்று தனியாகக் கேட்கவே இல்லை. “அதான் சுவரு நம்ம வேலை இல்லன்னேனே” என்றார். வற்புறுத்திக் கொடுத்தேன்.

காரைக்குடிப் பக்கம் யாராவது இதைச் செய்வதாக இருந்தால் முதலில் டிரில்காரரைப் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு மரவாடிக்குப் போங்கள். ஆசாரியிடம் பலகையில் துளையைக் கடைசியில் போடச் சொல்லுங்கள். ஓரடி நீளத்துக்குப் புத்தகம் அடுக்கினால் கிட்டத்தட்ட 10 கிலோ வரும், 12 மி.மீ.க்குக் குறைந்த கம்பி வேண்டாம்.

மூன்று பலகையும் அசையாமல் நிற்கின்றன. அப்பாதான் இன்னும் நம்பவில்லை. கீழே ஒன்றும் இல்லாமல் எப்படி நிற்கும் என்று வருகிறவர்கள் எல்லாரிடமும் கேட்கிறாராம். கவிதைப் புத்தகங்களையும் திருப்பதி படத்தையும் மேலே ஏற்றியிருக்கிறார். தமிழ் லெக்சிகன் அகராதி ஆறு தொகுதியும் கட்டிலுக்கடியிலேயே இருக்கிறது. பாலிஷ் போடுவது ஆசாரி வேலை இல்லையாம், அதற்கு வேறு ஆள். நான் விமானம் ஏறிய பிறகும் அவர் வரவில்லை. நேற்று போனில் கேட்டதற்கு அம்மா சொன்னார்: “பக்கத்துல வந்துட்டாராம்.”