கடலூரில் சொந்தக் காரா, ஸ்கூட்டரும் வாடகைக் காருமா?

தேவனாம்பட்டினத்தில் கடலை ஒட்டிக் குடியிருந்துகொண்டு சில வருஷம் கார் வைத்திருந்தோம். இப்போது அதை விற்றுவிட்டு ஊருக்குள் ஸ்கூட்டர், பாண்டிக்கு பஸ், குடும்பமாகக் கிளம்பினால் வாடகைக் கார் என்று ஓடுகிறது. எது நிம்மதி என்றால் இதுதான்.

மழையில் நனைய வேண்டாம், நினைத்த நேரத்தில் கிளம்பலாம். அதிலெல்லாம் கார்தான் மேல், பேச்சே இல்லை.

ஆனால் "கார் வாங்கியதில் சந்தோஷமா?" என்று கேட்டு நிம்மதியை அளக்க முடியாது. அப்போது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் நார்பர்ட் ஷ்வார்ஸ் ஆராய்ந்தபோது, தன் காரை நினைத்துப் பார்த்து ஒருவர் சொல்லும் மகிழ்ச்சி காரின் விலையோடு சேர்ந்து ஏறியது. கடைசியாக ஓட்டியபோது எப்படி இருந்தது என்று கேட்டால் விலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான் இன்னொன்றையும் பார்ப்பேன், வண்டியை எடுக்காத நாளில் அது நம்மை என்ன பாடு படுத்துகிறது என்று.

இங்கே அந்தப் பாடு முதலில் உப்புக்காற்றால் வருகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பெயின்ட் கொஞ்சம் உரிந்த இடத்திலெல்லாம் துரு சீக்கிரம் ஏறும். கதவின் அடி விளிம்பு, சக்கரத்தின் மேல்வளைவு, சைலன்சர் என்று ஒவ்வொன்றாக டிங்கரிங் வேலைக்கு வரும், அடிப்பக்கம் வாட்டர் வாஷ் செய்யாமல் விட்டால் இன்னும் மோசம். துருவைத் தேய்மானம் என்று இன்சூரன்ஸில் கழித்துவிடுவார்கள். நாலு வருஷம் தாண்டினால் இன்சூரன்ஸ் கணக்கில் வண்டியின் மதிப்பே பாதிதான், இதில் துருவும் தெரிந்தால் வாங்க வருபவர் இன்னும் குறைத்துத்தான் கேட்பார். அப்புறம் வெள்ளம். 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, பின்னாலேயே தென்பெண்ணையிலும் வெள்ளம் வந்தபோது காரை எந்த மேட்டில் நிறுத்துவது என்பதே பெரிய கவலையாக இருந்தது. தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து அது போனால், இன்சூரன்ஸில் தனியாக எஞ்சின் பாதுகாப்பு எடுக்காதவர்களுக்குப் பெரும்பாலும் பணம் வராது.

ஸ்கூட்டரும் துருப்பிடிக்கும்தான், ஆனால் ஒரு வாளித் தண்ணீரில் கழுவிவிடலாம். வாடகைக் காரில் முகூர்த்த நாளில் வண்டி கிடைப்பது கஷ்டம், டிரைவர் பேட்டாவும் சேரும். இருந்தும் வருஷக் கணக்கில் எங்களுக்குச் செலவு குறைவாகவே வருகிறது.

எங்கள் வீட்டில் கைக்குழந்தை இல்லை, படுக்கையில் யாரும் இல்லை. பெரியவர்களை அடிக்கடி ஜிப்மருக்குக் கூட்டிப்போக வேண்டியவர்களிடம் காரை விற்கச் சொல்ல மாட்டேன். எலெக்ட்ரிக் கார் நான் வைத்திருந்ததில்லை, அதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. நெல்லிக்குப்பம் மாதிரி கடலிலிருந்து தள்ளி, கூரை போட்ட நிறுத்துமிடத்தோடு வீடு இருந்தால் என் கணக்கே கூட மாறலாம்.