என் பிள்ளை அங்கன்வாடியில், சவாரிப் பிள்ளைகள் நர்சரியில்: ஒரு ஆட்டோக்காரனின் ரிவ்யூ

தினமும் காலை எட்டேகாலுக்கு ஆறு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் ஒரு இங்கிலீஷ் மீடியம் நர்சரியில் விடுவேன். திரும்பி வந்து என் மகளை அங்கன்வாடியில் விடுவேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் எங்கள் ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காத டீக்கடை இல்லை. ஒன்றரை வருடம் அனுப்பியாயிற்று, சிரித்தவர்களுக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். மையத்தின் பெயர் வேண்டாம், டீச்சருக்குத் தொந்தரவு.

காசு விஷயம் ஒரு வரிதான்: பீஸ் கிடையாது. அந்த நர்சரியில் பீஸ், புத்தகம், என் ஆட்டோ வாடகை எல்லாம் கூட்டினால் என் மாதத் தவணையைத் தாண்டும்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். காலையில் சத்துமாவு உருண்டை, மத்தியானம் சூடாகக் கலவை சாதம், வாரத்தில் மூன்று நாள் முட்டை. மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு நாளைக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் கொடுக்க வேண்டும் என்று 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதே எழுதியிருந்தார்கள், 2023-ல் அந்த அளவைத் திருத்தினார்கள், அதனால் இது யாரோ இரக்கப்பட்டுப் போடுகிற சோறு அல்ல. முட்டையை ஆயா உரித்துத் தர மாட்டார். பிள்ளைகளே தரையில் தட்டி உரித்து, ஓட்டைப் பொறுக்கி ஒரு சிரட்டையில் போட வேண்டும். என் மகள் முதல் மாதம் பாதி வெள்ளைக்கருவை ஓட்டோடு தூக்கிப் போட்டாள். இப்போது வீட்டில் நான் உரித்துக் கொடுத்தால் வாங்கவே மாட்டாள், வேறு முட்டை கேட்கிறாள்.

மாதாமாதம் எடையும் உயரமும் பார்க்கிறார்கள். ஒரு தடவை டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, ரெண்டு மாசமா எடை ஏறல, காலையில என்ன குடுக்கிய?" என்று கேட்டார். கட்டஞ்சாயாவும் (பால் விடாத டீ) ரெண்டு பிஸ்கட்டும் என்று சொல்லத் தலை குனிய வேண்டியிருந்தது. அன்றிலிருந்து காலையில் மட்டிப்பழமும் தோசையும். எந்த நர்சரியும் என் சவாரிப் பிள்ளைகளின் அப்பாவிடம் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

படிப்பா? ரப்பர் விதை. தோட்டத்தில் விழுந்து கிடக்கிற விதையைக் கூடையில் வைத்துக்கொண்டு பெரிசு சிறிசு பிரிப்பது, பத்துப் பத்தாக அடுக்குவது, பாட்டு, கதை. (வாயில் போட்டுவிடக் கூடாது என்று ஆயா கண்கொத்திப் பாம்பாக நிற்பார்.) ஏபிசிடி பெரிதாக இல்லை, ஊர் சிரிப்பதே அதற்குத்தான். 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள், எங்கள் மையம் அதில் வரவில்லை. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. மூன்றரை வயதுப் பிள்ளை ஒரு பக்கம் முழுக்க ஒரே எழுத்தை எழுதி முடிக்கவில்லை என்று என் ஆட்டோவின் பின்சீட்டில் அழுவதை வாரத்துக்கு இரண்டு முறையாவது கண்ணாடியில் பார்க்கிறவன் நான்.

குறையும் இருக்கிறது. நமக்குத்தான் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டே, இரண்டிலும் மேற்கு மூலை ஒழுகும், வாளி வைத்திருக்கிறார்கள். கழிப்பறைக் கதவில் கொண்டி இல்லை. வாக்காளர் பட்டியல் வேலை வந்துவிட்டால் டீச்சர் வீடு வீடாக நடக்கப் போய்விடுவார், அன்றைக்கெல்லாம் ஆயா ஒருவரே சமையல், பிள்ளைகள் எல்லாம். அந்த நாட்களில் ரப்பர் விதை வெளியே வராது.

ஆனால் என் பெரிய சண்டை நேரத்தோடுதான். எங்கள் மையம் ஒன்பதரைக்குத் திறந்து மூன்றரைக்கு மூடும். என் மனைவி ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவள். வெயில் ஏறினால் பால் வரத்து குறையும் என்பதால் விடிவதற்கு முன்னாலேயே தோட்டத்தில் நிற்க வேண்டும். அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போகிற பெண்கள் காலை ஏழரைக்குக் கிளம்பினால் திரும்ப ஆறு மணி. அப்போ மையத்துக்கு வருவது யார்? பாட்டி இருக்கிற வீட்டுப் பிள்ளை, அல்லது என்னை மாதிரி நினைத்த நேரத்தில் வண்டியைத் திருப்ப முடிகிற அப்பனுடைய பிள்ளை. மற்றவர்கள் கடன் வாங்கியாவது நர்சரிக்கு அனுப்புகிறார்கள், இங்கிலீஷ் மோகம் பாதி என்றால், அங்கே சீக்கிரம் விடலாம், சாயங்காலம் வரை டியூஷனில் இருக்கும் என்பது மீதி. என் ஆட்டோவில் வருகிற ஆறு பேரில் மூன்று பேரின் அம்மா அண்டி ஆபீசில்தான் வேலை. இலவசமாக இருப்பதை வாங்கிக்கொள்ள நேரமில்லாதவர்கள்தான் காசு கட்டுகிறார்கள்.

பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்குச் சவாரி போனால் இதைவிட மோசம், அங்கே தூரமே முதல் பிரச்சினை. மலைவாழ் மக்கள் பகுதியில் 300 பேர் இருந்தால் ஒரு மையம், 150 பேர் இருந்தாலே குறு மையம் என்று விதி இருக்கிறது. ஆறு வயதுக்குள் 40 பிள்ளைகள் இருந்து மையம் இல்லை என்றால், ஊர் கேட்ட மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும் என்று 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிதறிக் கிடக்கிற குடியிருப்பில் 40 பிள்ளைக்கு எங்கே போவது என்பது வேறு கதை. ஏழைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளியில் 25 சதவீத இலவச இடம் என்கிறார்கள், தனியார் பள்ளியே பக்கத்தில் இல்லாத இடத்தில் அது எதில் 25 சதவீதம்?

பால்னா என்று ஒன்றிய அரசின் திட்டம் ஒன்று இருக்கிறது, அங்கன்வாடியோடு குழந்தைகள் காப்பகத்தையும் சேர்த்து நடத்துவது, ஆறு மாதக் குழந்தையிலிருந்தே விடலாம். அண்டி ஆபீஸ் இருக்கிற ஊர்களில் முதலில் அதைக் கொண்டு வந்தால் எனக்கு மூன்று சவாரி போகும். போகட்டும்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். அரை ஒழுகுகிற கூரைக்குப் போனது, ஒன்று மூன்றரை மணிக்குப் போனது.

இந்தக் கணக்கை என் சவாரிப் பிள்ளை ஒன்றின் அம்மாவிடம் சொன்னேன். அண்டிக் கறை பிடித்த விரலால் வாடகை நோட்டை எண்ணிக் கொடுத்துக்கொண்டே, "ஆறு மணி வரைக்கும் வெச்சிருக்கச் சொல்லுங்கண்ணே, நாளைக்கே கொண்டு விடுகேன்" என்றார், ஏதோ நான் சொன்னால் நடந்துவிடும் என்பது போல.