முற்றத்துக்குக் கல் பதித்தவர்கள்: கல்லுக்கு 4, மரத்துக்குப் பூச்சியம்

யாழ்ப்பாணத்தில் முற்றத்துக்கு இன்டர்லொக் கல் பதிக்க ஆள் தேடுகிறவர்கள் முற்பணம் கொடுக்க முதல் இதை வாசியுங்கள். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. எங்கள் ஒழுங்கையிலேயே வேறு வேறு ஆட்கள் செய்த முற்றங்களிலும் இதே குறைதான் இருக்கிறது, ஒருவரை மட்டும் பிடித்து அடிப்பதில் பயன் இல்லை.

வேலை நடந்தது மாமாவின் வளவில். அவர் கனடாவில், வீட்டைப் பார்ப்பது நான். மாரியில் சேறு, கோடையில் புழுதி என்று அலுத்துப்போய் தொலைபேசியிலேயே விலை பேசி முடித்துவிட்டார். கல்வேலையைக் குறை சொல்ல முடியாது. மட்டம் பிசகவில்லை, தண்ணீர் ஓடும் வாட்டம் சரி, சொன்ன நாளில் தொடங்கிச் சொன்ன நாளில் முடித்தார்கள், வந்த பெடியளும் மரியாதையானவர்கள். அதற்கு 5-க்கு 4.

ஆனால் அந்த முற்றத்தில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாவும் ஒரு பெரிய வேம்பும் நிற்கின்றன. பெக்கோவை இறக்கி முற்றம் முழுவதையும் ஒரு அடி ஆழத்துக்குத் தோண்டினார்கள், மணிக்கட்டுத் தடிப்பில் மாவேர்கள் பிய்ந்து பிய்ந்து வந்தன. அதன் மேல் கிறவல் பரப்பி, இயந்திரம் விட்டு இறுக்கி, கல்லுத்தூள் போட்டு, கல்லை அடுக்கினார்கள். மாவின் அடியில் ஒரு அடி வட்டம் விட்டார்கள். வேம்புக்கு அதுகூட இல்லை, சுற்றி வட்டக் கட்டுக் கட்டி அடிமரத்தோடு ஒட்டி மண் நிரப்பி மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள், உட்கார வசதியாம். சீமெந்து குழைத்த வாளிகளைக் கழுவி ஊற்றியதும் மாவின் அடியில்தான். நான் மறித்துக் கேட்டபோது வேலையைப் பார்த்தவர் சொன்னது: "தம்பி, மரத்துக்கு ஒண்டும் ஆகாது, ஆணிவேர் கீழதானே கிடக்கு."

இந்த நம்பிக்கைதான் மரங்களைக் கொல்கிறது. வளர்ந்த மரத்துக்கு உணவும் நீரும் எடுக்கிற மெல்லிய வேர்களில் பெரும்பங்கு மேல் இரண்டு அடி மண்ணுக்குள்ளேயே இருக்கிறது, அவை கொப்பின் நிழல் விழும் எல்லையையும் தாண்டிப் பக்கவாட்டில் ஓடும். எங்கள் செம்மண்ணோ பல இடங்களில் ஆழமே இல்லை, கொஞ்சம் கீழே போனால் சுண்ணாம்புக்கல், அப்படியான நிலத்தில் வேர் வேறு எங்கே போகும்? வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணை இயந்திரத்தால் இறுக்கினால் காற்றும் நீரும் நிற்கிற இடைவெளிகள் மூடிவிடும், அதற்கு மேல் கல்லும் வந்தால் மழை உள்ளே இறங்காமல் றோட்டுக்கு ஓடும். குடாநாட்டில் கிணற்றுக்கு வருவதே மண்ணுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர்தான் என்பதையும் யோசியுங்கள். வேம்புக்குச் செய்தது போல அடிமரத்தை மண்ணால் மூடினால், காற்றில் இருக்க வேண்டிய பட்டை ஈரத்தில் ஊறி அழுகத் தொடங்கும்.

இதெல்லாம் உடனே தெரியாது. இரண்டு, மூன்று வருஷம், சில மரங்களில் அதைவிடக் கூடவும் எடுக்கும். முதலில் உச்சிக் கொப்பு காயும், இலை சிறுக்கும், காய்ப்புக் குறையும். அதற்குள் கல் பதித்தவர் காசை வாங்கிக்கொண்டு போயிருப்பார், வீட்டுக்காரர் "மரத்துக்கு வயது போயிட்டுது" என்று வெட்ட ஆள் பிடிப்பார். மாமாவின் மாவில் உச்சி இப்போதே காய்ந்து நிற்கிறது. தாங்குகிற பெரிய வேர்கள் ஒரு பக்கம் அறுபட்ட மரம், 2020 டிசம்பரில் வந்த புரவி போல ஒரு காற்றுக்கு வீட்டுக் கூரைக்கு மேலேயே சாயலாம்.

நிறுவனத்துக்கு மரத்தில் பூச்சியம் போடுகிறேன், ஆனால் பொறுப்பில் பெரிய பங்கு வளவுக்காரருக்குத்தான். விலை சதுர அடிக் கணக்கில் பேசப்படுகிறது, வட்டத்தைப் பெரிதாக விட்டால் பதிப்பவருக்கு வருமானம் குறையும், ஆகவே கேட்காத ஒருவருக்கு அவர் தானாக விட்டுத் தரப்போவதில்லை. பலாவையோ ஈரப்பலாவையோ பெண் பனையையோ வெட்டுவதென்றால் 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி எடுக்க வேண்டும். அதே பலாவின் வேரைச் சுற்றிக் கல்லைப் போட்டு மெல்லக் கொல்ல ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை. மதிலுக்கு அத்திவாரம் வெட்டும்போதும் இதே கதைதான். அங்கே மரத்துக்காகப் பேச வளவுக்காரரை விட்டால் ஆள் இல்லை. மாம்பழக் காலத்துக்கென்றே விடுமுறை எடுத்து வருகிற என் மாமா, விலை பேசிய அன்று மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை அவருக்கும் சொல்லிவிட்டேன்.

நீங்கள் பேசும்போது இவற்றை எழுத்தில் வாங்குங்கள். அடிமரம் ஒரு அடி விட்டம் என்றால் சுற்றிப் பன்னிரண்டு அடிக்கு பெக்கோ வரக்கூடாது, தோண்டவும் கூடாது. வேலை தொடங்க முதலே அந்த எல்லையில் கயிறோ தகரமோ கட்ட வேண்டும், மணல், சீமெந்து, லொறி எல்லாம் அதற்கு வெளியே. இடம் காணாது என்றால் நிழலுக்குள் கல்லே வேண்டாம், நடக்க ஒரு சின்னப் பாதை மட்டும், அதையும் தோண்டாமல் இருக்கிற மண்ணுக்கு மேலேயே இடைவெளி விட்டுப் போடலாம். மிச்ச இடத்துக்குச் சருகு போதும். "அப்படிச் செய்ய மாட்டம்" என்று சொல்கிறவரை விட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.

மாமா இப்போது சம்மதித்துவிட்டார். மாவின் நிழலுக்குள் உள்ள கல்லைக் கழற்றவும் வேம்படிக் கட்டை உடைத்து மண்ணை அள்ளவும் அதே நிறுவனம் வருகிறது, அதற்கும் சதுர அடிக்குத்தான் காசு கேட்டார்கள், கொடுக்கிறோம். கிறவலைக் கையால் கிளறி எடுத்து, பூவரசங்குழையும் சருகும் பரப்பி, ஐப்பசி மழைக்கு முதல் முடிக்க வேண்டும். மா தப்புமா என்று அடுத்த வருஷத் தளிரைப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.