பன்னிரண்டு வருஷ இன்ஹேலர்: அதில் மூன்று வருஷம் தொண்டைக்குத்தான் மருந்து போட்டேன்

எனக்கு வீசிங் வந்தது 2013-இல். போகிப் புகையில் ஆரம்பித்த இருமல் மாசி வரைக்கும் நிற்கவில்லை, ராத்திரி படுத்தால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். டாக்டர் ரோட்டாஹேலர் எழுதிக் கொடுத்தார், அதாவது கேப்ஸ்யூலைச் சொருகி, அடியைத் திருகி, உள்ளே கொட்டும் பொடியை உறிஞ்சுவது. கற்றுக்கொடுத்தது மருந்துக்கடைப் பையன். அரை நிமிஷம்தான், அதுவும் எனக்குப் பின்னால் நாலு பேர் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்க.

வீட்டில் அம்மாவுக்கு வேறு கவலை. "அதை வாயில வெச்சா அப்புறம் விடவே முடியாதாம்டா, மாத்திரையா கேளு." மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம், அமுக்கினால் மருந்தைப் பீய்ச்சும் பம்ப் இன்ஹேலரில் ஒரு அமுக்கு, அதாவது ஒரு பஃப், 100 மைக்ரோகிராம், நாற்பது பஃப் சேர்ந்தால்தான் ஒரு மாத்திரை ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் அடங்கினார். மாத்திரை ரத்தத்தில் கலந்து, கையை நடுங்க வைத்து, உடம்பெல்லாம் சுற்றித்தான் நுரையீரலுக்கு வரும். பம்ப் நேரே போகிறது. போனால்.

அந்தப் 'போனால்'தான் விஷயமே. ரோட்டாஹேலரை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும், பொடியைத் தூக்கிக்கொண்டு போக நம் மூச்சைவிட்டால் அதில் வேறு விசை கிடையாது. மூன்று வருஷம் அப்படி இழுத்துப் பழகிய கையோடு, 2016-இல் என்னை ஸ்டீராய்டு பம்புக்கு மாற்றினார்கள். நானும் பழைய ஞாபகத்தில் சர்ரென்று ஒரே இழுப்பு. பம்புக்கு அது நேர் எதிர். மருந்து தானாகவே பீய்ச்சிக்கொண்டு வருகிறது, நாமும் வேகமாக இழுத்தால் தொண்டையில் மோதி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். நாலைந்து எண்ணும் நேரத்துக்கு மெதுவாக இழுக்க வேண்டும். இதை யாரும் சொல்லவில்லை. குரல் கட்டியது, நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது, வீசிங்கும் குறையவில்லை, டோஸைக் கூட்டினார்கள். எப்படி எடுக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தப்பு என்று தெரிந்தால்தானே சொல்வதற்கு!

2019-இல் வேறொரு மருத்துவமனையில் ஒரு நர்ஸ்தான் கேட்டார். "பம்ப் வெச்சிருக்கீங்களா சார்? எனக்கு முன்னாடி ஒரு தடவை போடுங்க." போட்டேன். "வாயோரமா புகை மாதிரி வெளிய வருது பாருங்க, அதான் உங்க மருந்து." அவர் பாடம் நடத்தவே இல்லை. மூன்று தடவை செய்யவைத்தார், ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு தப்பைத்தான் திருத்தினார். முதலில், மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு ஆரம்பிப்பது. அடுத்து, இழுக்கத் தொடங்கும்போதே அமுக்குவது, நான் அமுக்கிவிட்டுத்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பத்து எண்ணும் வரை மூச்சை அடக்குவது. அடுத்த மாதம் போனபோது மறுபடியும் செய்யச் சொன்னார், பார்த்தால் குலுக்க மறந்திருக்கிறேன், இரண்டு பஃப்புக்கு நடுவே இடைவெளியும் விடவில்லை.

1975 முதல் 2014 வரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்தியவர்கள் 100-க்கு 31 பேர்தான், அத்தனை வருஷத்தில் முன்னேற்றமும் இல்லை என்று பின்னால் படித்தேன். கொஞ்சம் ஆறுதல், நிறைய எரிச்சல்.

ஸ்பேசரையும், அதாவது பம்புக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் குழாய் மாதிரியான கூட்டையும், அந்த நர்ஸ்தான் பழக்கினார். சட்டைப் பையில் அடங்காது, ரயிலில் எடுத்தால் நாலு பேர் பார்ப்பார்கள், ஆனால் அமுக்குவதும் இழுப்பதும் சேரவில்லை என்றால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு தடவைக்கு ஒரு பஃப்தான். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காயவிட வேண்டும், துணியால் தேய்த்தால் மின்னேற்றம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். நான் ஆறு மாதம் வேட்டித் துணியால் பளபளவென்று துடைத்து வைத்திருந்தேன். ஸ்டீராய்டு போட்டதும் வாய் கொப்பளித்துத் துப்புகிறேன், வெள்ளைப் படிவு அதற்கப்புறம் வரவில்லை. பம்ப் தீர்ந்துவிட்டதா என்று குலுக்கிப் பார்ப்பதை நம்பாதீர்கள், மருந்து தீர்ந்த பிறகும் வாயு இருக்கும், சத்தம் வரும். எண்ணிக்கை காட்டும் பம்பாகப் பார்த்து வாங்குகிறேன்.

இப்போது ரோட்டாஹேலர் என் மாமனாரிடம் இருக்கிறது, நாற்பது வருஷ பீடி. போன தீபாவளிக்குப் போனபோது செய்து காட்டச் சொன்னேன். மூச்சை விட வேண்டும் என்பது சரியாக ஞாபகம் இருக்கிறது, ஆனால் கருவியை வாயில் வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே ஊதுகிறார், பொடி ஈரமாகிக் கட்டிக்கொள்கிறது. வாயிலிருந்து எடுத்து, தலையைத் திருப்பி ஊதப் பழக்கினேன். பொங்கலுக்குப் போனால் மறுபடி உள்ளேதான் ஊதுகிறார். திரும்பவும் முதலிலிருந்து. இப்போதெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பரீட்சை வைக்க வந்துட்டீங்களா மாப்பிள்ளை" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய் கேப்ஸ்யூல் டப்பாவை எடுத்து வருகிறார்.