பைடெஸ்ட்: சிவப்பு வரியைப் படிக்க வைக்கும் கருவி

திருப்பூர் ஆயத்த ஆடை மொத்த வியாபாரிகளுக்கான பில்லிங் வெப் அப்ளிகேஷன் ஒன்றைப் பராமரிப்பது என் வேலை. ஜாங்கோ என்ற பைத்தான் ஃபிரேம்வொர்க்கில் எழுதியது, பின்னால் டேட்டாபேஸாக போஸ்ட்கிரஸ். யூனிட் டெஸ்ட்டுகளை (புரோகிராமின் சின்னச் சின்னப் பகுதிகளைத் தனித்தனியே சோதிப்பவை) ஜாங்கோவோடு வரும் 'மேனேஜ்.பை டெஸ்ட்' கட்டளையில்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். இப்போது அவை எல்லாவற்றையும் பைடெஸ்ட் என்ற பைத்தான் டெஸ்ட் கருவியில் ஓட்டுகிறோம். எடிட்டரில் பட்டனை அமுக்கி டெஸ்ட் ஓட்டுகிறவர்கள் எங்கள் டீமிலும் உண்டு, நான் டெர்மினல் ஆள். அதனால் கமாண்ட் லைனில் இது எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

பாஸ் ஆகிற டெஸ்ட்டுக்கு எந்தக் கருவியும் ஒன்றுதான். புள்ளி புள்ளியாக ஓடும், கடைசியில் பச்சையில் ஒரு வரி வரும், டீ குடிக்கப் போகலாம். ஃபெயில் ஆகும்போது என்ன சொல்கிறது என்பதில்தான் பைடெஸ்ட் தனித்து நிற்கிறது.

ஒரு உதாரணம். 2025 செப்டம்பர் 22-ல் ஆயத்த ஆடைக்கான ஜிஎஸ்டி மாறியது. அதுவரை உருப்படி விலை 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், மேலே போனால் 12. அன்று முதல் 2,500 வரை 5, மேலே போனால் 18. பழைய தேதியிட்ட பில்லைத் திறந்தால் பழைய வரியே வர வேண்டும். இந்த மாதிரி வரம்புக் கணக்குக்கு 'பாராமெட்ரைஸ்' என்ற வசதி அற்புதமாகப் பொருந்துகிறது. 1000, 1001, 2500, 2501 என்று விலைகளையும், 21, 22 ஆகிய இரண்டு தேதிகளையும், வர வேண்டிய வரியையும் ஒரு பட்டியலாகக் கொடுத்துவிட்டால், ஒரே ஃபங்ஷன் ஒவ்வொரு வரிசைக்கும் தனித் தனி டெஸ்ட்டாக ஓடும். ஒன்று விழுந்தாலும் மற்றவை நிற்காது. புதிய வரம்பைப் பார்க்கும் புரோகிராம் வரியில் '<=' இருக்க வேண்டிய இடத்தில் '<' இருந்தால் 22-ம் தேதிக்கான 2500 வரிசை மட்டும் சிவக்கும். கீழே 'அசெர்ட் 18 == 5' என்று இருக்கும், அதாவது வந்தது 18, வர வேண்டியது 5. அதற்கும் கீழே, அந்த 18 எந்த ஃபங்ஷனை என்ன விலை, என்ன தேதி கொடுத்துக் கூப்பிட்டதால் வந்தது என்பதும் இருக்கும். டீபக்கரைத் திறக்காமலே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

இதற்கென்று நாம் தனியாக எதுவும் எழுதுவதில்லை, வெறும் 'அசெர்ட்' போதும். டெஸ்ட் ஃபைலை இம்போர்ட் செய்யும்போதே பைடெஸ்ட் அந்த வரிகளைத் தன் வசதிக்கு மாற்றி எழுதிக்கொள்கிறது. 'அசெர்ட்ஈக்வல்', 'அசெர்ட்இன்' என்று ஒவ்வொரு மெத்தடையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும் தொல்லை இல்லை. அப்படி எழுதிய பழைய டெஸ்ட்டுகளும் மாற்றமில்லாமல் ஓடுகின்றன என்பதால் மாறுவது சுலபமாகவே இருந்தது.

தினசரி வேலையில் என் விரல்களுக்குப் பழகிய ஆப்ஷன்கள் மூன்று. '-எக்ஸ்' போட்டால் முதல் ஃபெயிலிலேயே நின்றுவிடும். '--எல்எஃப்' போட்டால் போன தடவை விழுந்ததை மட்டும் ஓட்டும். '-கே' போட்டுப் பெயரின் ஒரு துண்டைக் கொடுத்தால் அது இருக்கிற டெஸ்ட்டுகளை மட்டும் பொறுக்கும், 'இது வேண்டும், அது வேண்டாம்' என்று சேர்த்தும் சொல்லலாம். பெரிய மாற்றம் செய்யும் நாளில் '--எல்எஃப்' ஒன்றை வைத்துக்கொண்டே சிவப்பை ஒவ்வொன்றாகக் கரைத்துவிடலாம். எல்லாம் சரியான பிறகு அதே கட்டளை தானாக முழு டெஸ்ட்டையும் ஓட்டும்.

நான் அதிகம் சிபாரிசு செய்வது '--டியூரேஷன்ஸ்=10'. மிக மெதுவான பத்தை நேரத்தோடு காட்டும். எங்கள் பட்டியலில் மேலே நின்றவை பில் கணக்குகள் அல்ல, லாகின் செய்ய ஒரு யூசரை உருவாக்கும் செட்டப் வரிகள். ஜாங்கோ பாஸ்வேர்டை ஹாஷ் செய்யும் (திரும்பப் படிக்க முடியாத குறியீடாக மாற்றும்) முறை, திருடுபவனுக்குக் கஷ்டமாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே மெதுவாக வைத்தது. டெஸ்ட்டுக்கு மட்டும் தனி செட்டிங்ஸ் ஃபைலில் வேகமான எம்டி5 ஹாஷரைப் போட்டதும் காத்திருக்கும் நேரம் கண்கூடாகக் குறைந்தது. புரொடக்‌ஷன் பக்கம் அந்த வரி போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

ஜாங்கோவுக்கு 'பைடெஸ்ட்-ஜாங்கோ' பிளகினும் வேண்டும். இது வந்தபின் ஒரு நல்ல கண்டிப்பு வந்தது: டெஸ்ட்டின் மேல் 'ஜாங்கோ_டிபி' என்ற அடையாளக் குறி (மார்க்) இல்லாமல் டேட்டாபேஸைத் தொட்டால் அந்த இடத்திலேயே மறித்துவிடும். யூனிட் டெஸ்ட் என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே நாலு டேபிளைத் துழாவுகிறவை எவை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. '--ரீயூஸ்-டிபி' டெஸ்ட் டேட்டாபேஸை அழிக்காமல் வைத்திருப்பதால் தொடக்கம் வேகமாகிறது. ஆனால் புதிய மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றும் ஃபைல்) உள்ள பிராஞ்சிலிருந்து பழையதற்குத் திரும்பினால், அங்கே சேர்த்த டேபிள் நெடுவரிசை டேட்டாபேஸில் அப்படியே உட்கார்ந்திருக்கும், சம்பந்தமில்லாத டெஸ்ட்டெல்லாம் விழும். ஒருமுறை '--கிரியேட்-டிபி' போட்டால் சரி.

குறைகளுக்கு வருவோம். பெரியது ஃபிக்ஸ்சர், அதாவது டெஸ்ட்டுக்குத் தேவையானதைத் தயாரித்துத் தரும் ஃபங்ஷன். டெஸ்ட் ஃபங்ஷனின் அடைப்புக்குறிக்குள் 'கஸ்டமர்' என்று எழுதினாலே எங்கிருந்தோ ஒரு கஸ்டமர் வந்து நிற்கிறார். எழுதுகிறவருக்குச் சுகம், புதிதாக டீமில் சேர்ந்தவருக்குத் தலைவலி. இம்போர்ட் வரி கிடையாது. இந்த ஃபோல்டரின் 'கான்ஃப்டெஸ்ட்.பை'யில் இருக்கலாம், மேல் ஃபோல்டரில் இருக்கலாம், பிளகினிலும் இருக்கலாம். '--ஃபிக்ஸ்சர்ஸ்' போட்டால் பட்டியல் வரும்தான், ஆனால் நீளம் அதிகம். பிரிண்ட் போட்டுப் பார்க்கும் வழக்கமுள்ளவர்களுக்கு இன்னொன்று: பாஸ் ஆன டெஸ்ட்டின் பிரிண்ட் எதுவும் திரைக்கு வராது. '-எஸ்' போட வேண்டும்.

தமிழில் டேட்டா வைத்திருப்பவர்களுக்கு என்று ஒரு தனிக் குறை உண்டு. பாராமெட்ரைஸ் பட்டியலில் 'முருகன் டெக்ஸ்டைல்ஸ்' என்று தமிழிலேயே கொடுத்தால், டெஸ்ட் பெயரில் எழுத்துகளுக்குப் பதிலாகப் பின்சாய்வுக்கோடும் யூனிகோட் எண்களுமாகக் கொட்டும். இதை நிறுத்த ஒரு செட்டிங் இருக்கிறது. அதன் பெயரே, இதைப் போட்டால் சமூகத்தின் உதவி பெறும் உரிமை அனைத்தையும் துறக்கிறேன் என்கிற அளவுக்கு நீளம்! போட்டு வைத்திருக்கிறேன், எங்களுக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

'எக்ஸ்டிஸ்ட்' பிளகின் சேர்த்து '-என் ஆட்டோ' போட்டால் சிபியு கோர்களுக்கெல்லாம் வேலையைப் பிரித்துக் கொடுக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி டேட்டாபேஸ். ஒரு டெஸ்ட் விட்டுப்போனதை நம்பி அடுத்தது ஓடுகிற பழக்கம் இருந்தால் இங்கே குட்டு உடைந்துவிடும். இதில் '-எஸ்' வேலை செய்யாது, சின்ன டெஸ்ட் தொகுப்புக்கு வேகமும் பெரிதாகக் கூடாது.

பழைய பாடங்களில் 'பை.டெஸ்ட்' என்று புள்ளி வைத்துக் கட்டளை இருந்தால் குழம்ப வேண்டாம், அதே ஆள்தான். 2016-ல் வந்த 3.0 பதிப்பிலிருந்து புள்ளியில்லாத பெயரைத்தான் பரிந்துரைக்கிறார்கள். எம்ஐடி லைசன்ஸ், இலவசம். நாலைந்து வியூ மட்டும் உள்ள சின்ன ஜாங்கோ சைட்டுக்கு 'மேனேஜ்.பை டெஸ்ட்' தாராளமாகப் போதும், அதிலும் '--கீப்டிபி', '--பேரலல்' எல்லாம் இருக்கின்றன. வரி, தள்ளுபடி, ரவுண்டிங் என்று கணக்குகள் கிளைவிடும் அப்ளிகேஷன் என்றால் பைடெஸ்ட்டுக்கு மாறிவிடுங்கள். மாறும்போது, டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்டும் சிஐ அமைப்பின் ஸ்கிரிப்டையும் ஒருமுறை பாருங்கள்: ஒரு டெஸ்ட்டைக்கூடக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் பைடெஸ்ட் 5 என்ற எக்ஸிட் கோடோடு முடியும் (பூஜ்யம் அல்லாதது எல்லாம் தோல்விக் கணக்கு), டெஸ்ட்டே எழுதாத ஃபோல்டரைத் தனியாக ஓட்டும் ஸ்டெப் இருந்தால் பில்ட் அங்கே சிவந்து நிற்கும்.