தேரி மணலின் வயது: கார்பனா, ஓஎஸ்எல்லா?

சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காட்டில் இவ்வளவு செம்மணல் எப்போது வந்து குவிந்தது? அங்கே கிடைத்த சிறுகற்கருவிகளைப் பற்றி 1956-ல் எழுதிய தொல்லியலாளர்கள் சாய்னரும் ஆல்சினும், பழைய கடல் மட்டத்தோடு ஒப்பிட்டு அவற்றின் காலத்தை சுமார் கி.மு. 4000 என்று மதிப்பிட்டார்கள். மணலின் வயதை நேரடியாக அளப்பதென்றால் இன்று முக்கியமாக இரண்டு முறைகள்: கார்பன்-14, ஓஎஸ்எல் (ஒளியால் தூண்டப்படும் ஒளிர்வை அளப்பது).

கார்பன்-14 சுமார் 50,000 ஆண்டுகள் வரை எட்டும், பிழையும் குறைவு. ஆனால் அது சொல்வது உயிர் போன காலத்தை, மணல் குவிந்த காலத்தை அல்ல. மணலுக்குள் இருக்கும் சிப்பி, எப்போதோ செத்துக் கரையில் கிடந்து பிறகு வந்து சேர்ந்ததாக இருக்கலாம். கடல்நீரில் உள்ள பழைய கார்பனாலும் அதன் வயது சில நூறு ஆண்டுகள் கூடித் தெரியும். தேரியில் அதற்கும் வழி குறைவு. காற்றும் நீரும் தாராளமாகப் புகும் மணல் என்பதால் கரிமப்பொருள் பெரும்பாலும் மட்கிப் போய்விடுகிறது.

ஓஎஸ்எல் முறைக்கு மணலே போதும். குவார்ட்ஸ் துகள் வெயிலில் பட்டதும் அதன் பழைய கணக்கு அழிந்துவிடும். புதைந்த பிறகு சுற்றியுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சு அதில் மெல்லச் சேரும்; ஒளி பாய்ச்சி அந்தச் சேமிப்பை அளந்தால், கடைசியாக வெயில் பட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்று தெரியும். அதனால்தான் மாதிரி எடுக்கும்போது அவ்வளவு கவனம்: வெட்டிய சுவரில் இரும்புக் குழாயைச் சம்மட்டியால் அடித்து இறக்கி, இரு முனையையும் உடனே ஒளி புகாமல் அடைத்து, ஆய்வகத்தில் மங்கிய சிவப்பு விளக்கில்தான் திறப்பார்கள். ஒரு நொடி வெயில் பட்டாலும் அந்த மணல் வீண்.

இதிலும் சிக்கல் உண்டு. பிழை பொதுவாக ஐந்து முதல் பத்து சதவீதம். கரையான் புற்றும் பனை வேரும் துகள்களை மேலும் கீழுமாகக் கலக்கும். மோனசைட் என்ற கனிமம் கலந்த தென்கடற்கரை மணலில் தோரியம் அதிகம். அங்கே குவார்ட்ஸ் கதிர்வீச்சால் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் மிகப் பழைய படிவுகளுக்கு எட்டாது.

ஆனாலும் என் தேர்வு ஓஎஸ்எல்தான். அப்படி அளந்து 2012-ல் வெளியான முடிவுகள், கடலோரத் தேரி மணல் ஏறத்தாழ 11,400 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 5,600 ஆண்டுகளுக்கு முன்பு வரை குவிந்ததாகக் காட்டுகின்றன. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் கடல் மட்டம் ஏறிக்கொண்டிருந்தது. குன்றுக்குள் புதைந்த கரிய மண்படலம் எங்காவது தட்டுப்பட்டால் மட்டும் கார்பனையும் சேர்த்து எடுக்கலாம். மணல் நகர்ந்த காலத்தை ஓஎஸ்எல் தரும். செடி முளைத்து அது அசையாமல் நின்ற காலத்தைக் கார்பன் தரும்.